வண்டி கொஞ்சம் தாமதம்

லப்பைக்குடிக்காட்டுத் தாஜுதீன் சவுதியில் பன்னிரண்டு வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஊர் திரும்பியதும் பெரம்பலூர் அச்சகம் ஒன்றில் பயணப் புத்தகம் போட்டார். பெயர் ‘தடமில்லாத பாலையில்’. அட்டையில் ஒட்டகமும் மறையும் சூரியனும். இரண்டாயிரத்து மூன்றில் அது வெளிவந்தபோது ஊரே கையில் வாங்கிப் புரட்டியது. படித்து முடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்படி முடித்தவர்களில் ஒருவர் பழனிவேல். தாஜுதீனோடு பள்ளியில் படித்தவர், ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை. சாகசக் கதை கிடைத்தால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அட்டையில ஒட்டகம் நிக்குது. உள்ள ஒண்ணு கூட இல்லியே தாஜு? பாதிப் புத்தகம் பருப்பு வேகவச்ச கதை. மீதி, ‘நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம்’.”

“நல்லபடியாத்தானே போய்ச் சேர்ந்தேன்.”

“நீ பாலைவனத்தையே பார்க்கலன்னு ஆலையில பேசிக்கிறாங்க. டவுனுக்குள்ள ஓட்டிட்டு வந்து கதை வுடுறானாம்.”

தாஜுதீனுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடமும் பொய் என்றல்லவா ஆகிறது? ஆனால் என்ன செய்ய, கடிதம் எழுதிப் பழகிய கை அது. காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்த நாளிலும் ‘நான் இங்கு நலம்’ என்று எழுதிய கை. புத்தகம் எழுத உட்கார்ந்தாலும், வீட்டில் படிப்பார்களே என்று அதே வரிதான் வந்து விழுந்தது.

டீ கொண்டுவந்த அவர் மனைவி நஜீமா, புத்தகத்தை வாங்கி ஒரு பக்கத்தைப் பிரித்தாள்.

“‘வண்டி கொஞ்சம் தாமதமாயிற்று’ன்னு போட்டிருக்கீங்களே. எத்தனை நாளு?”

தாஜுதீன் தரையைப் பார்த்தார். “மூணு நாளு.”

பழனிவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அச்சு முறிஞ்சு மணல்ல மாட்டிக்கிச்சு. லாரி நெறைய தண்ணி இருந்துச்சு, திங்கத்தான் ஒண்ணும் இல்ல. மூணாம் நாளு ஒட்டகம் மேய்க்கிறவரு ஒருத்தரு வந்தாரு. அவரு ஒட்டகத்துக்கெல்லாம் தண்ணி காட்டினேன். அவரு பேரீச்சம்பழம் கொடுத்தாரு.”

“எத்தனை ஒட்டகம்?”

“நாப்பது இருக்கும்.”

“அடப்பாவி, அதை வுட்டுட்டுப் பருப்பை எழுதியிருக்கியே.”

“இவ பயந்துருவாளேன்னுதான்.”

“எனக்கு அப்பவே தெரியும்” என்றாள் நஜீமா. “அந்த மாச லெட்டர்ல மூணு எடத்துல நலம்னு எழுதியிருந்தீங்க. கேட்டா சங்கடப்படுவீங்கன்னு வுட்டுட்டேன்.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் மட்டும் என்ன? நம்ம பொண்ணு ஃபர்ஹா கைக்குழந்தையா இருக்கறப்ப, திருச்சிக்குப் போறேன்னு அரியலூர் ஸ்டேஷன்ல எதிர்ப்பக்க ரயில்ல ஏறிட்டேன். எழும்பூர்லதான் எறங்கினேன். கூட வந்த லீலாவதிங்கற அம்மா வூட்டுல ஒரு நாள் தங்கிட்டுத் திரும்பினேன்.”

“எனக்கு எழுதவே இல்லியே?”

“எழுதினேனே. ‘திருச்சி போய் வந்தோம். வரக் கொஞ்சம் தாமதமாயிற்று.’”

அந்தக் கடிதம் தாஜுதீனுக்கு நன்றாக நினைவிருந்தது. லாரிக்குள் உட்கார்ந்து ஏழெட்டு முறை படித்து, வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று அன்று நிம்மதியாகத் தூங்கியிருந்தார்.

பழனிவேல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளைப் பிரித்தார்.

“ஒட்டகம் எங்கயும் போயிடாது. எழும்பூர்லேருந்து சொல்லும்மா” என்றார்.

“சொல்லு நஜீமா” என்று தாஜுதீனும் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.