ஆட்டம் இல்லாத ஸ்டீயரிங்

இருபத்தாறு வருடமாக என் கணவர் நூகு, கல்லிடைக்குறிச்சியிலிருந்து மலைமேல் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பிரசவத்துக்கு இறங்கும் பெண்கள் எல்லாம் அந்த ஒரு வண்டியில்தான். போன வருடம் அவருடைய வலது தோள் இறுகிப்போனது. கையைத் தூக்க முடியாததால், சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். அந்த முரட்டு ஸ்டீயரிங்கை இனித் தொடக்கூடாது என்றார் டாக்டர்.

வண்டியை விற்றுவிடச் சொன்னாள் மகள் இஷ்ரத். அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள், பேட்டையில் மெக்கானிக் நமச்சிவாயம் அண்ணாச்சியிடம் வண்டியை விட்டார். பவர் ஸ்டீயரிங்கை இயக்கப் பழைய எஞ்சினுக்குத் தெம்பு போதாது என்று அதை இறக்கிவிட்டு, வேறு வண்டியில் கிடந்த பெரிய டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். ஒற்றை விரலுக்குத் திரும்பும் பவர் ஸ்டீயரிங்கும் வைத்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணை மாற்ற பாளையங்கோட்டைக்கு நாலு தடவை அலைந்தோம்.

வண்டி வந்தது. நேராகத்தான் ஓடவில்லை. சேரன்மகாதேவி ரோட்டில் திடீரென வலப்பக்கம் பாய்ந்தது. எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஓரம் ஒதுங்கிப் போனது.

"வண்டி இழுக்குது அண்ணாச்சி" என்றார் இவர், பேட்டைக்குத் திரும்பிப் போய்.

நமச்சிவாயம் அண்ணாச்சி எங்களை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். நூல் பிடித்ததுபோலப் போனது.

"எங்கன வே இழுக்குது? பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ள மாதிரி நீருதான் நடுங்குதீரு."

திரும்பி வரும்போது இவர் ஓட்டினார். மறுபடியும் துள்ளியது. பின்சீட்டில் இருந்த நான் ரோட்டைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தேன். அண்ணாச்சியின் கை வளைவு வந்த பிறகு அசைந்தது. இவர் கை, வளைவுக்குப் பத்தடி இருக்கும்போதே ஸ்டீயரிங்கைக் கால்வாசி சுற்றிவிட்டது. பழைய ஸ்டீயரிங்கில் அவ்வளவு ஆட்டம் இருந்தது. கால் சுற்று வெறுமனே போன பிறகுதான் சக்கரம் திரும்பும். அந்தக் கைக்கு அது பழகிவிட்டது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். வண்டி ஓட்டத் தெரியாத நான், அண்ணாச்சிக்கு முன்னால் எப்படிச் சொல்வது? வீட்டிலும் அவர் முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. அதற்குள் சனிக்கிழமை தோட்டத்து ஆள்கள் ஒன்பது பேரை மேலே ஏற்றிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வெறும் வண்டியை மலையேற்றிப் பார்க்கக் கிளம்பினார். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் பள்ளம். மூன்றாவது வளைவு வலப்பக்கம் திரும்பியது. அவர் பழைய வழக்கப்படி முன்கூட்டியே சுற்றி, ஏற்றத்துக்காக அழுத்தி மிதித்தார். புது எஞ்சின் பாய்ந்தது. முன்சக்கரம் ஓரத்துக் கல்லில் மோதி நின்றது. கல்லுக்கு அந்தப்பக்கம் மரங்களின் தலைதான் தெரிந்தது.

"வித்துத் தொலச்சிருவோம்" என்றார். உதடு வெளுத்திருந்தது.

"வண்டி சரியாத்தான் இருக்கு மச்சான். பழைய வண்டிக்குத் திருப்புத மாதிரி நீங்க முன்னாலயே திருப்புதிய."

"ஒனக்கு என்ன தெரியும்?"

"ஓட்டத் தெரியாது. ஒங்க கையப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவர் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, ஸ்டீயரிங்கை ஒரு விரல் அகலம் திருப்பினார். டயர் உடனே அசைந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பிறகு, தோட்டத்தில் ஆள்களைக் கூட்டிச் சேர்க்கும் இசக்கித்தாய்க்குப் போன் போட்டு, ஒரு வாரம் வண்டி வராது என்றார். காரணம் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க வறண்ட குளத்துக்குள் ஓட்டினோம். "இன்னும் இல்ல, இன்னும் இல்ல, இப்ப" என்று நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பினார். ஒருநாள் கோபத்தில் என்னை இறக்கிவிட்டுப் போய், குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்து ஏற்றிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது பேரோடு ஏறினோம். மூன்றாவது வளைவு நெருங்கியது. இத்தனை பேருக்கு முன்னால் "இன்னும் இல்ல" என்று எப்படிச் சொல்வேன்?

"என்ன அண்ணாச்சி, பெரிய எஞ்சின் வச்சிருக்கியன்னு சொன்னாவ. கட்டவண்டி மாதிரில்லா போறிய?" என்று இவரைக் கேட்டாள் பின்னால் இருந்த இசக்கித்தாய்.

"பைய போனாலும் ஒன் வீட்டு வாசல்லதான எறக்கி விடுதேன். பேசாம உக்காரு தாயி."

சொல்லிக்கொண்டே கையை அசைக்காமல் வைத்திருந்தார். வளைவு வந்தது. வந்த பிறகுதான் திருப்பினார்.