ஈரத்தலை அக்காவின் மூச்சு

அக்கா ஜெல் பாட்டிலை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டே அடுத்த ஆளின் சீட்டைப் படித்துக்கொண்டிருப்பார். "சில்லுன்னு நெஞ்சுல வெச்சா யாருக்குத்தான் இதயம் ஒழுங்கா துடிக்கும்?" என்பது அவர் கட்சி. பாட்டில் உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறப்பார். அறையில் விளக்கு இருக்காது. திரையின் சாம்பல் வெளிச்சம் மட்டும் அவர் கன்னத்தில் விழும். படுத்திருப்பவரை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, கருவியை விலா எலும்புகளுக்கு நடுவில் பதித்து, "மூச்ச வெளிய விடுங்க. அப்படியே புடிங்க. சரி, இனி உங்க இஷ்டம்" என்பார். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைச் சொல்கிறார். சொல்லும்போது தானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஈரத்தலை அக்கா என்று பெயர். வயது ஐம்பத்து மூன்று. காலை ஏழரைக்கு, இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ அறையைத் திறக்கும்போது கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டும், முதுகுப் பக்கம் சட்டை நனைந்திருக்கும். ஐந்தரைக்கு ஏரியில் இறங்கி ஆறரைக்கு ஏறுகிறவருக்குத் தலை துவட்ட நேரம் கிடையாதாம். நேரம் கொட்டிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் துவட்டுவதில்லை என்று கணவர் கோள் சொல்கிறார். அவர் பேருந்து ஓட்டுநர். நீச்சல் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. துண்டும் பிளாஸ்க்குமாகக் கரையிலேயே நிற்பார். "அவ தண்ணியில, நான் தரையில. இருபத்தெட்டு வருஷமா சண்டை வராததுக்கு அதான் காரணம்" என்பார்.

ஏரியில் அக்காவைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீரும் பனியும் ஒரே நிறத்தில் இருக்கும், எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அந்த வெண்மைக்குள் ஓர் ஆரஞ்சுத் தொப்பி அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். மூச்சை விடும்போது நீருக்குள் முனகுவது அவர் வழக்கம். பாட்டு என்று சொல்ல முடியாது, ஒரே சுருதியில் நீளும் 'ம்'. பக்கத்தில் நீந்துகிறவருக்கு மட்டும் கேட்கும். பாதித் தூக்கத்தோடு இறங்கும் நான் எத்தனையோ நாள் அந்த முனகலைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறேன். கரைக்கு வந்து துண்டைக் கையில் வாங்கும்போதுதான் விழித்தேனோ என்று தோன்றும்.

எங்கள் கூட்டத்தில் ஒன்பது பேர். வருஷத்துக்கு ஒரு முறை, குளிர் தொடங்கும் முதல் வாரத்தில், எதிர்க்கரையிலுள்ள பழைய பம்பு வீடு வரை நீந்தி அதன் சுவரைத் தொடுவோம். இரண்டரைக் கிலோமீட்டர். பரிசு, பதக்கம் ஒன்றும் கிடையாது. கூடவே ஒரு படகு வரும். முடியவில்லை என்றால் கையைத் தூக்க வேண்டும். யாரும் தூக்கியதில்லை. அதில் எங்களுக்கு ஒரு வறட்டுக் கௌரவம். அக்கா பதினோரு வருஷம் விடாமல் அந்தச் சுவரைத் தொட்டவர்.

யாராவது இருமினால் "ஏரியக் கொஞ்சம் மிச்சம் வைங்கப்பா" என்று கிண்டல் செய்வோம். வாயில் தண்ணீர் போகிறது, இருமல் வருகிறது, அதில் என்ன ஆராய்ச்சி? போன வருஷம் பம்பு வீட்டுக்குப் போய் வந்த கையோடு அக்கா இரும ஆரம்பித்தபோதும் அதையேதான் சொன்னோம். "ஆமா, ரெண்டு வாய் குடிச்சிட்டேன்" என்று அவரும் சிரித்தார். மூன்று நாள் காலையில் இருமினார், மூன்று நாளும் சிரித்தோம். நினைத்தால் எனக்கு இன்னும் கூசுகிறது.

நான்காம் நாள் நடு ஏரியில் முனகல் நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தால் அக்கா ஒரே இடத்தில் கையை அடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே முதலுதவி மல்லாக்கப் போடுவது. போட்டேன். அவர் என் கையை உதறிவிட்டு, "படுக்க வைக்காத, நிமித்து" என்றார். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். பக்கத்தில் வந்த மீன் படகில் ஏற்றியதும் உள்ளங்கையில் துப்பினார். இளஞ்சிவப்பாக நுரை. திரையில் ஒரு வால்வைப் பார்ப்பாரே, அதே நிதானத்தோடு அதை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"இது ஏரி இல்ல" என்றார்.

தன் எக்கோ அறையில், தன் நோயாளிகளின் கட்டிலில் அவர் படுத்த கதையை இதய டாக்டரே எனக்குச் சொன்னார். முதுகை உயர்த்தி, முகமூடியில் பிராணவாயு வைத்திருக்கிறார்கள். அந்த நிலையிலும் கருவியை வேறு யாரையும் தொடவிடவில்லை. தானே நெஞ்சில் வைத்துக்கொண்டு, கழுத்தை ஒடித்துத் திரையைப் பார்த்திருக்கிறார். "அக்கா, ஒரு தடவையாவது பேஷன்ட்டா இருங்க" என்று டாக்டர் கெஞ்சியதற்கு, "நீங்க அழுத்திப் புடிப்பீங்க டாக்டர், படம் கலங்கும்" என்று பதில். அவர் அப்படித்தான். தலைவலித் தைலத்தைக்கூட இன்னொருத்தர் கையால் தேய்த்துக்கொள்ள மாட்டார்.

என்ன ஆயிற்று என்பதை அவர் வாயாலேயே கேட்பதுதான் சுகம். "குளுந்த தண்ணியில எறங்குனதும் கை கால்ல இருக்கற ரத்தமெல்லாம் நெஞ்சுக்கு ஓடி வந்துருது. அத்தனைக்கும் இதயம் எடம் குடுக்கணும். சுருங்கறது எல்லா இதயமும் சுருங்கும், தளர்றதுதான் கஷ்டம். என்னுது சீக்கிரம் தளர மாட்டேங்குது. அப்ப வந்த ரத்தம் எங்க போகும்? பின்னாடியே முட்டி நிக்கும். முட்டி நின்னா நுரையீரல்ல கசியும். நான் குடிச்ச தண்ணி இல்ல அது, எனக்குள்ள இருந்தே ஊறுன தண்ணி." ஊரார் இதயத்தையெல்லாம் அளந்தவர் தன் ரத்த அழுத்தத்தை ஆறு வருஷமாகப் பார்க்கவில்லை. அது பாட்டுக்கு ஏறி உட்கார்ந்திருந்தது. போதாக்குறைக்கு நீந்தப் போகுமுன் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும் பழக்கம், கதகதப்பாக இருக்கும் என்று ஓர் அளவு சிறியதாக வாங்கிய நீச்சல் உடை. "கடைக்காரர் அப்பவே சொன்னாரு, இறுக்கிப் பிடிக்குதேம்மான்னு. நான்தான் அழகா இருக்குன்னுட்டேன்."

இரண்டு நாளில் நெஞ்சு தெளிந்துவிட்டது. ஏரிக்குத்தான் தடை. வீட்டில் முதலையை அடைத்துவைத்த மாதிரி இருக்கிறது என்று கணவர் புலம்பினார். அக்காவோ அந்த ஆத்திரத்தையெல்லாம் எங்கள் மேல் காட்டினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக வரவழைத்து, எட்டுப் பேரையும் படுக்கவைத்துப் படம் எடுத்தார், டாக்டரைக் கையெழுத்துப் போடவைத்தார். இப்போதெல்லாம் ஏரிக்கரையில் யாரையாவது அறிமுகப்படுத்துவதென்றால், "இவங்க வால்வு கொஞ்சம் சோம்பேறி, மத்தபடி நல்ல மனுஷி" என்கிறார். என்னுடையதைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு ஒண்ணுமில்ல, நீ எழுதுறதுலதான் ரத்த ஓட்டம் கம்மி" என்றார்.

வெயில் காலம் வந்தபோது டாக்டர் இறங்கிவந்தார். மாத்திரை தவறக் கூடாது, தொளதொள உடை, முன்னால் தண்ணீர் குடிக்கக் கூடாது, தனியாகக் கூடாது, பக்கத்திலேயே படகு. "முதல் இருமல்ல கையத் தூக்கணும் அக்கா. ரெண்டாவதுல இல்ல. அதுக்கப்புறம் ஒரு வாரம் ஓய்வு, ஒரு படம், மறுபடி பேசலாம். ஆனா மறைச்சு நீந்துனீங்கன்னு தெரிஞ்சா, ஏரி அத்தோட முடிஞ்சது. அடுத்த தடவை நீங்க கரைக்கு வருவீங்கன்னே என்னால சொல்ல முடியாது." அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். நான் நம்பவில்லை. முப்பத்தைந்து வருஷமாக நீந்துகிற பெண்பிள்ளை, ஓர் இருமலுக்காகக் கையைத் தூக்குவதாவது.

போன வாரம் மறுபடி பம்பு வீட்டுக்குப் போனோம். எனக்குத் தோள்பட்டை பிசகியிருந்ததால் படகில் உட்கார்ந்தேன். கணவர் சாலை வழியாக முன்னரே எதிர்க்கரை போய்விட்டார். காற்றே இல்லை. பனி விலக மனமில்லாமல் தண்ணீர் மேல் படுத்திருந்தது, மற்ற ஏழு பேரும் அதற்குள் முன்னால் போய் மறைந்துவிட்டார்கள். ஆரஞ்சுத் தொப்பி மட்டும் எங்கள் துடுப்புக்குப் பக்கத்தில். கை எழும், விழும், கை எழும், விழும். பார்த்துப் பார்த்து எனக்குக் கண் செருகியது. படகுக்காரர்கூட ஏதோ கனவில் துடுப்பு போடுகிறவர் போலத்தான் இருந்தார். பனிக்குள்ளிருந்து பம்பு வீட்டின் சுவர் மெல்லத் திரண்டு வந்தது. முதலில் கறை, பிறகு செங்கல், பிறகு சுவரோரம் துண்டோடு நிற்கும் கணவர். இன்னும் ஐம்பது கைவீச்சு இருந்தால் அதிகம்.

அப்போது அக்கா ஒரு தரம் இருமினார்.

சின்ன இருமல். படகுக்காரர் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது, விழாத மாதிரி இருந்துவிட்டேன். வாயில் தண்ணீர் போயிருக்கும், இந்த ஒரு தடவை வெறும் ஏரித் தண்ணீராக இருக்கட்டும், தொட்டுவிட்டு வரட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் வேண்டினேன். அவர் நீந்துவதை நிறுத்தி நிமிர்ந்து மிதந்தார். சுவரைப் பார்த்தார். கரையில் கணவர் துண்டை விரித்து ஆட்டினார்.

அக்கா கையைத் தூக்கினார்.

அதை ஆரவாரமாகத் தூக்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அளவுக்குத்தான். படகுக்காரர் பதறிப் படகைத் திருப்ப, இரண்டு பேருமாக அவரை இழுத்துப் போட்டோம். கரையில் துண்டு ஆடுவது நின்றது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து உடையின் பின் ஜிப்பை இறக்கச் சொன்னார். உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார், வெறும் எச்சில். இன்னொரு முறை மூச்சை இழுத்துத் தலையைச் சாய்த்துக் கவனித்தார். முகத்தில் ஒன்றும் புரியாத பாவனை. அவரிடம் அதை நான் பார்த்ததே இல்லை.

"தண்ணியாத்தான் இருக்கும் அக்கா" என்றேன், அசட்டுத்தனமாக.

"தெரியல. நுரையீரல்ல கசிஞ்சிருந்தா முதுகுல அடிப்பக்கம் நறநறன்னு கேக்கும். அது எனக்கு எட்டாது."

சொல்லிவிட்டுச் சற்று நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பிடரியில் கைவைத்து இழுத்து, என் காதைத் தன் ஈர முதுகில் அழுத்திக்கொண்டார். குளிர்ந்த தோல். உள்ளே இதயம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூச்சை இழுத்தபோது, அந்த இழுப்பின் கடைசியில், தலைமுடியை விரலிடையில் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி ஒரு மெல்லிய நறநறப்பு.

"கேக்குதா?"

"கேக்குது அக்கா."

படகு கரைக்குப் போய்ச் சேரும்வரை அவர் என் தலையை எடுக்க விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.