முகம் கலையாமல் நகர்ந்து உட்கார்ந்தேன்

முதலில் அந்தக் கடைக்காரப் பெண்மேல் எனக்கு இருக்கும் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். ஃபவுண்டேஷன் வேண்டும் என்றேன். யாருக்கு என்றார். வீட்டுக்காரிக்கு என்று பொய் சொன்னேன். என்ன நிறம் என்று கேட்டதற்கு என் நிறம்தான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைவிட மூன்று படி வெளுத்த ஒரு குப்பியை எடுத்து வைத்து, இதைப் போட்டால் எடுப்பாகத் தெரிவார்கள் என்றார். என் நிறத்தில் இல்லையா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மோட்டார் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பூசிப் பார்த்தேன். சாம்பல் பூத்த பூசணிக்காய் மாதிரி இருந்தது முகம். கழுத்து ஓர் ஆள், முகம் இன்னோர் ஆள். மீசை எடுத்த இடமும் தாடையும் அந்த வெள்ளைக்கு அடியிலிருந்து கறுப்பாக எட்டிப் பார்த்தன. கறுத்தவன் வெள்ளையாகத்தான் ஆசைப்படுவான் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது? நான் வெள்ளையாக ஆசைப்படவில்லை. பெண்ணாகத் தெரியத்தான் ஆசைப்பட்டேன்.

எனக்கு ஐம்பது வயது. நன்னிலம் பக்கத்தில் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறேன். சின்ன வயதிலிருந்தே புடவை கட்டிக்கொள்ளப் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் பதில் தெரியாது. நான் திருநங்கை இல்லை. ஆண்தான். ஆனால் மாதத்தில் ஒரு பகலாவது புடவை கட்டி உட்கார்ந்திருந்தால்தான் மற்ற நாட்களில் மனசு நிதானமாக இருக்கும். என் மனைவிக்குத் தெரியும். கல்யாணமான மூன்றாம் வருடம் பார்த்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எம் பொடவைய மட்டும் தொடாதீங்க" என்றாள். அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் கேட்டதில்லை. எனக்கென்று இரண்டு புடவை வாங்கி, கொட்டகையில் உரச்சாக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் என் வயது ஆட்கள் சேலையைச் சுற்றிக்கொண்டு, மாரில் தேங்காய் மூடியை வைத்துக் கட்டி, உதட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை சாயம் பூசிக்கொண்டு ஆடுவார்கள். ஊரே கைதட்டும். மறுநாள் அவர்கள் டீக்கடையில் ஜம்பமாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. கேலிக்குக் கட்டினால் குற்றமில்லை, ஒழுங்காகக் கட்டினால்தான் குற்றம். இது என்ன நியாயம் என்று முப்பது வருடமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். பகலில், டவுன் பஸ்ஸில், பெண்கள் பக்கம் உட்கார வேண்டும். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் தோன்றாமல், மகளிர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மிச்சமாகும் பத்து ரூபாய் எனக்குப் பெரிதில்லை. அந்த ஒரு பார்வை வேண்டும்.

தஞ்சாவூரில் கல்யாணங்களுக்கு மேக்கப் போடும் ஒரு திருநங்கையின் வீடியோக்களை போனில் பார்ப்பேன். முப்பது வயது இருக்கும். நான்கு மாதம் தயங்கி, ஒரு நாள் போன் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, நீங்கள்லாம் ஒரு மணி நேரம் கட்டிப் பாத்துட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. தெருவுல அடி வாங்குறது நாங்க. நீங்க வெளயாடறதுக்கு நான் எதுக்குச் சொல்லித் தரணும்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. போனை வைக்காமல், நீங்க சொல்றது சரிதாங்க என்றேன். ஞாயிற்றுக்கிழமை வாங்க என்றார்.

மூன்று முறை அவர் அறைக்குப் போனேன். முதல் நாள் என்னையே பூசிக்கொள்ளச் சொல்லி வேடிக்கை பார்த்தார். நான் கல்யாணப் பெண்ணைப்போல இமைக்கு மினுமினுப்பு, கன்னத்தில் ரோஸ், ரத்தச் சிவப்பில் உதடு என்று போட்டேன். அவர் சிரிக்கவில்லை. உங்கள் வயலில் நடவு நடும் அக்காக்களில் யாராவது இப்படி வருகிறார்களா என்று கேட்டார். தினமும் பார்க்கிறேன், ஆனால் ஒரு நாளும் அவர்கள் முகத்தைக் கவனித்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஐம்பது வயதுப் பெண்ணின் முகத்தில் பூச்சே இருக்காது. லேசாக மஞ்சள், ஒரு ஸ்டிக்கர் பொட்டு, வெற்றிலை போட்டு அடங்கிய மாதிரி உதடு. அதுதான் வேண்டும், அதுதான் கஷ்டம் என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். என் போன்ற கறுத்த தோலுக்கு, தாடி தெரியும் இடத்தில் முதலில் செங்கல் நிற லிப்ஸ்டிக். விரல் நுனியில் கொஞ்சமாக எடுத்துத் தட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. அது சாம்பல் நிறத்தை அமுக்கிவிடும். அதன்மேல் ஃபவுண்டேஷன். கையில் வைத்துப் பார்த்து வாங்காமல் கழுத்தோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். ஒரே தடவையில் அப்பினால் வெடிக்கும். மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. காதுக்கும் பிடரிக்கும் போட மறப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்றார். புருவத்தில் அடிப்பக்கம் நாலு முடி மட்டும் எடுத்தார், ஊரில் கேள்வி வராத அளவுக்கு. காய்ப்புக் காய்த்த என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கையை மறைக்க வேண்டாம், உழைக்கும் பெண்களுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று கண்ணாடி வளையல் மட்டும் போட்டுவிட்டார்.

நான்காம் முறை பஸ்ஸில் போவது என்று முடிவானது. மழிக்காமல் வாருங்கள், இங்கே வெந்நீரில் மழித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் தஞ்சாவூர் கிளம்புகிறவன் மூன்று நாள் தாடியோடு போவதா என்று பழக்க தோஷத்தில் ஊர்ச் சவரக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் இரண்டு தடவை இழுத்து மழித்து, வழக்கம்போலப் படிகாரக் கல்லால் முகம் முழுக்கத் தேய்த்து அனுப்பினார். தோல் இறுகிப்போயிருந்தது. தஞ்சாவூரில் முதல் பூச்சுப் போட்டதுமே தாடையில் பாளம் பாளமாக வெடித்தது.

"படிகாரம் போட்டீங்களா? களர் நெலத்துல நாத்து நிக்குமாண்ணே?" என்று திட்டினார். எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். முடிப்பதற்கு மொத்தம் இரண்டு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடியில் என் சித்தி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "இனிமே அண்ணன் இல்ல, அக்கா. வாயத் தெறக்காதீங்க, கொரல் காட்டிக் குடுத்துரும்" என்றார்.

திருவையாறு போகும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் வந்தான். என்னைப் பார்த்தான். ஒன்றும் தோன்றாத முகத்தோடு மகளிர் சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தான். என் உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று.

அடுத்து அவரைப் பார்த்தான். உயரமும் தோளும் அவரைக் காட்டிக்கொடுத்தன.

"ஒனக்கு எதுல கிழிக்கிறது? ஆம்பளையா பொம்பளையா, நீயே சொல்லு. பஸ்ஸே கேக்குதுல்ல."

பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. அவர் நிதானமாக, "எங்களுக்குன்னு தனிச் சீட்டு இருக்கு சார், அதக் குடுங்க" என்றார். அது தீர்ந்துபோயிற்று, இறங்கி நடந்தால் இடுப்பாவது குறையும் என்றான். மறுபடி சிரிப்பு. பிறகு என் பக்கம் குனிந்து, ரொம்ப மரியாதையாக, "அம்மா, நீங்க ஏன் இதுங்ககூட ஒக்காந்திருக்கீங்க? முன்னாடி சீட்டு காலியா இருக்கு, அங்க போங்க" என்றான்.

ஐம்பது வருடத்தில் என்னை அம்மா என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான்.

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் குரல். தலையாட்டி மறுத்திருக்கலாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கலாம். இதெல்லாம் பிறகு தோன்றியவை. அப்போது நான் எழுந்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். பின்னால் அவன் இன்னும் ஏதோ சொன்னான், அவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பவில்லை. கழுத்து வேர்த்தால் பூச்சு கலையுமே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நான் நினைத்தது அதைத்தான்.

திருவையாற்றில் ஆற்றுப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அவர் என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, தாடையில் பவுடர் ஒற்றிவிட்டு, நல்லாத்தான் நின்னிருக்கு என்றார். பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கண்டக்டர்மேல், சிரித்தவர்கள்மேல், என்மேல் எனக்கு எரிந்தது. திரும்பும்போது யாராவது வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் வயதானவர். என்னோடு வந்தவரைப் பார்த்ததும் சிரித்து, கேட்காமலே அவருக்கு உரிய சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். எனக்கு மகளிர் சீட்டை நீட்டினார். கேலி செய்ய யாரும் இல்லை. என் கோபம் போக்கிடம் இல்லாமல் நின்றது. நான் சத்தமாக, என் சொந்தக் குரலில், "எனக்கு அது வேணாங்க. நான் ஆம்பள. காசு வாங்கிக்கிட்டு டிக்கெட் குடுங்க" என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. முன்னால் இருந்த பெண் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒருவன் போனை எடுத்து எங்கள் இருவரையும் படம் பிடித்தான். வயதான கண்டக்டர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

பக்கத்தில் இருந்தவர் என் காதருகே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "போறப்பவே பேச வேண்டிய பேச்சு அது. இப்ப யாருக்காகப் பேசுனீங்க?"

அவருக்காக இல்லை. அது எனக்கே தெரிந்தது. நிம்மதியாக வந்துகொண்டிருந்தவரை மறுபடி எல்லார் கண்ணிலும் நிறுத்தினேன். என் மனசு லேசாக வேண்டும் என்று அவரைக் கூட்டத்தில் தள்ளினேன்.

அவர் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தார். என் வேட்டி சட்டை அவர் அறையில் இருந்தது. நானும் இறங்கி, பத்தடி பின்னால், கால் இடறும் புடவையோடு நடந்தேன். ஒரு டீக்கடை வாசலில் நின்ற நாலு பேரில் ஒருவன் அவரைப் பார்த்து விசிலடித்தான். அவருக்கு இது பழக்கம், நிற்காமல் போனார். நான் ஓடிப் போய்க் கடைக்கும் அவருக்கும் நடுவில் சேர்ந்துகொண்டேன். என்னைப் பார்த்ததும் விசில் இரண்டாயிற்று. என் தாடையில் வேர்வை கோடாக இறங்கியிருக்கும். துடைக்கவில்லை.

"பெரிய காவலு" என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல். கோபம் ஆறவில்லை. ஆனால் நடையைக் கொஞ்சம் குறைத்தார்.