பிராம்ப்டிங்: ஆத்துக்காரி

மதுவிலக்கு தளர்ந்து கடைகள் திறந்திருந்த அந்த இரண்டு மூன்று வருஷங்களில், மயிலாப்பூர் சபா நாடகங்களில் குடிகாரன் வேஷம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பகலில் நான் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா, சாயங்காலம் அமெச்சூர் நடிகன். எங்கள் குழுவில் எல்லோருமே அந்த ரகம்தான். டைரக்டர் பாங்கில் அக்கவுண்டன்ட், வில்லன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வசனத்தை மறந்துவிட்டு முழிப்பது எங்கள் எல்லோருக்கும் பொதுவான வியாதி. அதற்காக மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் பிராம்ப்டர் என்று ஒருவர் ஸ்கிரிப்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் முழித்தால் அடுத்த வரியைக் கிசுகிசுப்பார். அவர் சொன்னதைச் சொல்வோம், உட்கார் என்றால் உட்காருவோம், யோசிக்கவே மாட்டோம். ஒரு தடவை கொசு கடித்து அவர் "சனியனே" என்று முனக, கதாநாயகன் தன் வருங்கால மாமனாரைப் பார்த்து "சனியனே" என்று கணீரென்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அந்த வசனத்துக்குத்தான் அதிகக் கைதட்டல்.

என் நடிப்பை எல்லோரும் தத்ரூபம் என்றார்கள். தத்ரூபமாக இல்லாமல் எப்படி இருக்கும்? மேடைக்கு வரும்போதே எனக்குள் முக்கால்வாசி பாட்டில் இருக்கும். குழுவுக்கு மேடைச் சாமான்கள் பார்த்துக்கொண்ட பட்டினப்பாக்கத்து நண்பன்தான் அதற்கு ஏற்பாடு. என் ஆபீசிலேயே வேலை பார்த்தவன், தங்கமானவன். எனக்காக மேக்கப் பெட்டிக்குள் ஒரு பாட்டிலுக்கு நிரந்தரமாக இடம் ஒதுக்கியிருந்தான். நாளடைவில் நாடகம் இல்லாத நாளிலும் எனக்கு மேக்கப் தேவைப்பட்டது.

அப்படி நாடகம் இல்லாத ஒரு சாயங்காலம், கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்துகொண்டிருந்தேன். என் இரண்டு கால்களுக்கும் அன்று பேச்சுவார்த்தை இல்லை. எதிர்வீட்டுக்காரர், தபாலாபீசில் வேலை பார்ப்பவர், வாசலிலிருந்து பெரிய குரலில், "பேஷ், ஒத்திகையா? நடக்கட்டும், நடக்கட்டும்" என்றார். அதற்கு முன்பே நாலு வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அவர் கை தட்டவே மற்றவர்களும் தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நடுச்சந்தில் நின்று நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணக்கம் சொன்னேன். நிமிர்ந்தபோது எங்கள் மாடி ஜன்னலில் என் மனைவி நிற்பது தெரிந்தது. அவள் மட்டும் கை தட்டவில்லை.

கோபித்துக்கொண்டிருந்தால் சமாளித்திருப்பேன், அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அவள் எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். மேலே போனதும், "ஏன்னா, இனிமே தெருவே கை தட்டறச்சே நானும் தட்டணுமா?" என்று கேட்டாள். பிறகு, குரலைக்கூட உயர்த்தாமல், "இன்னொரு தடவை இப்படி வந்தேள்னா நான் நங்கநல்லூர் போயிடுவேன். அண்ணா ஆத்துல எனக்கு ஒரு ரூம் உண்டு" என்றாள். சொன்னால் செய்கிற பெண். காலையில் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடியை விட்டுவிடுகிறேன் என்றேன். "சரி" என்றாள். சத்தியம் கித்தியம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் ஆபீசிலிருந்து வரும்போது கதவருகே வந்து நிற்பாள். டிபன் காரியரை வாங்குகிற சாக்கில் முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஒரு மூச்சு இழுப்பாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போவாள். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

விடுகிறேன் என்று சொன்னேனே தவிர எப்படி விடுவது என்று தெரியவில்லை. டாக்டர் மோர் குடிக்கச் சொன்னார். அத்திம்பேர் மொட்டை போடச் சொன்னார். சாந்தோமில் ஒரு சர்ச்சின் பின்கட்டில் என்னைப் போன்றவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் கூடிப் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே மயிலாப்பூர்க்காரன் எவனும் வரமாட்டான் என்ற தைரியத்தில், துண்டால் காதோடு முகத்தையும் மூடிக்கொண்டு போனேன். உள்ளே முதல் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார் எதிர்வீட்டுக்காரர்.

"வாங்கோ, துண்டை எடுங்கோ, வேர்க்கும்" என்றார்.

துண்டை எடுத்தேன். "அன்னிக்கு ஒத்திகைன்னு நெனச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"ஒத்திகையாவது ஒண்ணாவது. நானும் அதே சந்துல அப்படி நடந்தவன்தான் ஒரு காலத்துல. சந்து பூரா பார்த்துண்டிருந்தது, நீங்களோ விழற மாதிரி இருந்தேள். அதான் ஒத்திகைன்னு சத்தம் போட்டு வச்சேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அங்கே பேசியதில் பாதி இங்கிலீஷ், பாதி எனக்கு ஏறவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னது மட்டும் ஏறியது. "சாயங்காலம் ஆறு மணிக்கு உங்களோட யார் இருப்பான்னு முதல்ல ஏற்பாடு பண்ணிக்கோங்கோ. மத்ததெல்லாம் அப்புறம்."

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "நான்தான் இருப்பேன், வேற யாரு?" என்றாள். மறுநாள் ஒத்திகைக்கு அவளும் வந்தாள்.

ஒத்திகை தி.நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். அவள் மூலையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். மெட்ராஸில் ஸ்வெட்டரை யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் கண் என் மேல், காது வசனத்தின் மேல். சில நாளிலேயே எல்லோருடைய வசனமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தச் சமயம் பார்த்துப் பிராம்ப்டருக்கு மஞ்சள்காமாலை வந்தது. டைரக்டர் அவள் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஸ்கிரிப்டை ஒப்படைத்தார். நோட்டீசில் "பிராம்ப்டிங்: ஆத்துக்காரி" என்று போடலாமா என்று வில்லன் கேலி செய்தார். அவள் அவருடைய வசனத்தில் ஒரு தப்பைத் திருத்திவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள்.

அந்த நாட்களின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? காலையில் எழுந்தால் தலை தலையாக இருந்தது. டிகாஷன் வாசனை மூக்குக்குள் போய்த் தட்டி எழுப்பியது. உடம்பு சர்க்கரைக்குப் பறந்தது. சட்டைப் பை நிறையக் கடலை மிட்டாய். ஒத்திகை முடிந்து பனகல் பார்க் வழியாக நானும் அவளும் மிட்டாயைக் கடித்துக்கொண்டே நடப்போம். அவள் வில்லனைப் போல் பேசிக் காட்டுவாள், நான் சிரித்துச் சிரித்துப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிடுவேன். போகிறவர்கள் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருப்பார்கள். ஒரு சொட்டு குடிக்காமல் அந்தப் பெயர் வாங்குவதில் எனக்குப் பரம திருப்தி.

நடிப்புதான் நாசமாகிவிட்டது. தெளிவாக இருக்கிறவன் எப்படித் தள்ளாடுவது? காலில் முள் குத்தினவன் மாதிரி நடந்தேன். நாக்கைக் குழறினால் பல்லு வலிக்காரன் மாதிரி இருந்தது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, "உன் ஆரோக்கியம் என் நாடகத்தைக் கெடுத்துடும் போலிருக்கே" என்று புலம்பினார். பட்டினப்பாக்கத்து நண்பன் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்காக அவன் கண் கலங்கியதைக்கூடப் பார்த்தேன். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நாடகம் அடையாறில், ஒரு சபாவில். ஹால் நிரம்பி வழிந்தது. கதை இதுதான்: என் மச்சான் எனக்குக் குடிக்க ஊற்றிக் கொடுத்து, போதையில் வீட்டை எழுதி வாங்கிவிடுவான். மூன்றாவது காட்சியில் மச்சானாக வந்த கணக்கு வாத்தியார் பாட்டிலிலிருந்து டம்ளரில் ஊற்றி, "குடிங்க மாப்பிள்ளை" என்று நீட்டினார். பாட்டிலில் எப்போதும் ஆறிப்போன டீத்தண்ணீர்தான் இருக்கும். நான், "உங்க கையால விஷம் குடுத்தாலும் குடிப்பேன் மச்சான்" என்று சொல்லி ஒரே மடக்கில் குடிக்க வேண்டும். வசனத்தைச் சொன்னேன், டம்ளரை உயர்த்தினேன். வாசனை வந்தது.

பிராந்தி. அதுவும் நல்ல பிராந்தி.

பொய் சொல்வானேன், வாயெல்லாம் ஊறியது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று என் உடம்பு அதைக் கேட்டது. இதைவிட நல்ல சாக்கு ஜென்மத்தில் கிடைக்காது. ஹால் முழுக்க ஜனம் நான் குடிப்பதற்காகக் காத்திருக்கிறது, கலைக்காகக் குடித்தேன் என்று சொன்னால் யார் குறை சொல்ல முடியும்? கை அந்தரத்தில் நின்றது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அப்போது ஓரத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "குடிங்கோ."

என் மனைவி. நான் அடுத்தது என்ன என்பதை மறந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். நான் அசையாமல் நிற்கவே, குரல் ஏறியது. "ஏன்னா, குடிங்கோன்னா. ஒரே மடக்குல குடிங்கோ."

முன்வரிசையில் கேட்டுவிட்டது. சிரிப்பு கிளம்பியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். ஸ்கிரிப்ட் மடியில், இடது கையால் டம்ளரைக் கவிழ்ப்பதுபோல் ஜாடை காட்டிக்கொண்டு, முகமெல்லாம் உற்சாகமாக, பள்ளிக்கூடப் போட்டியில் பெற்ற பிள்ளையை மேடையேற்றிய அம்மா மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிராம்ப்டர் சொன்னால் யோசிக்காமல் செய்துதான் எங்களுக்குப் பழக்கம். கை தானாக உயர்ந்தது. டம்ளர் விளிம்பு உதட்டில் பட்டது.

"மாட்டேன்" என்றேன், அவளைப் பார்த்து.

நான் நேராக ஓரத்துக்கு நடந்தேன். முள் குத்தாமல், பல்லு வலிக்காமல், நன்றாக நடந்தேன். திரைக்குப் பின்னால் கையை நீட்டி டம்ளரை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். தினமும் கதவருகே இழுக்கிற அதே மூச்சை இழுத்தாள். மடியிலிருந்த ஸ்கிரிப்ட் கீழே விழுந்தது. என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி, தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியில் அப்படியே கவிழ்த்தாள்.

சபையோருக்கு இதெல்லாம் தெரியாது. டம்ளரோடு உள்ளே போன கை வெறுங்கையாகத் திரும்பியதைத்தான் பார்த்தார்கள். விசில் பறந்தது. மச்சான்தான் பாவம். நான் குடிக்காமல் அவருக்கு வீடு எப்படிக் கிடைக்கும்? பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரத்தையே பரிதாபமாகப் பார்த்தார். ஸ்கிரிப்ட் தரையில் கிடந்தது. பிறகு அவள் குரல் கேட்டது, தழுதழுத்து, ஆனால் தெளிவாக. "அவர் குடிக்க மாட்டார். கையெழுத்தை வாங்கிண்டு போங்கோ."

பழக்க தோஷம். வாத்தியார் சபையைப் பார்த்து நிமிர்ந்து நின்று, உரக்கச் சொன்னார்: "அவர் குடிக்க மாட்டார். கையெழுத்தை வாங்கிண்டு போங்கோ."

அடையாறே சிரித்தது. நான் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, "குடு மச்சான், தெளிவா இருக்கறப்பவே போடறேன்" என்று கையெழுத்துப் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று கை தட்டினார். இந்தத் தடவை யாரையும் மறைப்பதற்காக அல்ல.

காட்சி முடிந்ததும் பட்டினப்பாக்கத்து நண்பன் கிரீன் ரூம் மூலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "உனக்கோசரந்தான் மச்சி ஊத்துனேன். டீத்தண்ணியக் குடிச்சிக்கினு நீ படற பாடு எனக்கே பேஜாரா கீது. நல்ல சரக்கா பாத்து வாங்கியாந்தேன் நைனா."

அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. உலகத்தில் எனக்காக நல்ல சரக்காகப் பார்த்து வாங்கியவன் அவன் ஒருத்தன்தான். ஒரு கடலை மிட்டாயைப் பிட்டு அவன் கையில் வைத்தேன். என் மனைவி, "அடுத்த தடவை டீயை நானே ஆத்துலேர்ந்து போட்டுண்டு வரேன், நீங்க சிரமப்படாதேங்கோ" என்றாள். டைரக்டருக்கு மட்டும் குஷி தாங்கவில்லை. இனிமேல் எல்லா மேடையிலும் காட்சி இப்படியேதான் என்று அங்கேயே முடிவு செய்தார். அந்த நாடகத்தில் நான் பிறகு ஒரு நாளும் குடிகாரனாகத் தள்ளாட வேண்டியிருக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது மந்தைவெளி தாண்டியதும் அவள் திடீரென்று, "நானே குடிங்கோன்னு சொன்னேனே" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தேன். கதவு திறந்திருந்தது. வாசலில் அவள் இல்லை. உள்ளே ஆட்டுக்கல் சத்தம் கேட்டது. டிபன் காரியரைப் பிடித்துக்கொண்டு வழக்கமான இடத்தில் நின்றேன். அவள் வரவில்லை.

"வந்தாச்சு" என்று குரல் கொடுத்தேன்.

"தெரியறது. கதவைச் சாத்திண்டு உள்ள வாங்கோ, கை மாவா இருக்கு" என்றாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரும் இல்லாத அந்த வாசலில், பழக்கம் விடாமல், வாயைத் திறந்து ஹா என்று ஒரு தடவை ஊதிவிட்டு உள்ளே போனேன்.