லூர்துமேரி அக்காவும் தைலமரப் பிசினும்

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது: களமருதூர் லூர்துமேரி அக்கா போய்விட்டார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். எதற்கு இறங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு பிசின் குடோனில் அவருடன் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். தைலமரப் பிசின் சாயப்பட்டறைக்குப் போகும். கல்வராயன் மலை வேங்கைப் பிசின் நாட்டு மருந்துக் கடைகளுக்குப் போகும். இரண்டும் ஒரே சிவப்பு. கட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் பட்டைதான் காட்டிக்கொடுக்கும். தைலமரத்துடையது வழவழவென்றிருக்கும், வேங்கையுடையது சொரசொரப்பு. "மூஞ்சிய பாத்து ஏமாறாத, முதுக திருப்பிப் பாரு" என்பார் அக்கா. பெண் பார்க்கக் கிளம்பிய எங்கள் டிரைவரிடமும் இதையே சொல்லிவைத்தார்.

அக்கா லீவில் இருந்த ஒரு நாள், வேங்கை என்று வந்த மூட்டையை வாங்கி, அரைத்துச் சலித்து, பொட்டலம் போட்டு மருந்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் சலித்த கழிவைக் கூட்டிய அக்காவின் கையில் வழவழப்பான பட்டைத் துண்டுகள்.

"இன்னாடா இது? தைலமரமாச்சே! புள்ளைங்க வயித்துப்போக்குக்கு வாங்கிக்கினு போவாங்களேடா!"

வீட்டில் மனைவி நிறைமாதம். வேலை போனால் அவ்வளவுதான். அக்கா என்னை முதலாளியிடம் இழுத்துப் போனார். "நாங்க ரெண்டு பேரும்தாங்க பாத்து வாங்கனோம். தெரியாம போச்சுங்க."

அக்காவுக்கு லீவு கொடுத்தவரே முதலாளிதான். எங்களை மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல போயி பொட்டலத்த வாங்கிக்கினு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் கடை கடையாக அலைந்தோம். ஒரே ஒரு பொட்டலம் விற்றுப்போயிருந்தது. வாங்கியவர் வீட்டைத் தேடிப்பிடித்தோம். நல்ல வேளை, இன்னும் பிரிக்கவில்லை. திரும்பும்போது வெளியே பார்த்தபடியே அக்கா சொன்னார்: "தெரியாம நடந்துச்சுன்னு நான் சொல்லிட்டேன். தெரிஞ்சி நடந்துருந்தா அத நீதான் சொல்லணும்."

தெரிந்துதான் நடந்தது. மூட்டையைப் பிரித்தபோதே அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டேன். திருப்பி அனுப்பினால் வியாபாரியோடு மல்லுக்கட்ட வேண்டும், வீட்டுக்குப் போகும் மூன்று மணி பஸ் போய்விடும். சோம்பல், வேறொன்றுமில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அவருக்கு எதிரே உட்கார்ந்து பிசின் பொறுக்கினேன், அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்தேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. அவரை அறிந்த உங்களிடம் இப்போது சொல்கிறேன்.

அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது, எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய். அவர் உயிரோடு இருந்தபோதே அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.