இடது சக்கரத்துச் சத்தத்தோடு இராயப்பன்பட்டிக்கு

போன கல்லறைத் திருநாளன்று தேனியிலிருந்து இராயப்பன்பட்டிக்குத் தனியாகக் காரில் போனேன். சுமார் நாற்பது கிலோமீட்டர். என் மனைவி ஸ்டெல்லாவை, அவள் கேட்டுக்கொண்டபடி, பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்திருந்தோம். அங்கே இப்போது அவளுக்குச் சொந்தம் என்று யாருமில்லை. முந்தின வருடம் எனக்குப் போகத் துணிவு வரவில்லை. இந்த முறை, மாலை நான்கு மணிக்குச் பங்குச் சாமியார் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்கும்போது அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றிருந்தேன்.

முன்பக்க இடது சக்கரம் வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் ‘டொக்’கென்றது. முதல் நாளே கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டினேன். அங்கிருந்த இளைஞர் வண்டியில் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. ஷாக் அப்சார்பர் இரண்டு, லோயர் ஆர்ம் இரண்டு என்று 42,600 ரூபாய்க்குப் பட்டியல் அடித்துக் கொடுத்தார்.

“இப்படியே ஓட்டுனா ரிஸ்க் சார். ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க.”

உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. போகாமல் இருக்க நல்ல சாக்கு. ராத்திரி முழுக்க அதை நினைத்து வெட்கப்பட்டுவிட்டு, மறுநாள் மதியம் 1.45க்குக் கிளம்பினேன்.

சின்னமனூர் தாண்டியதும் சத்தம் பலமானது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வண்டியில் ஒவ்வொரு தட்டலும் நெஞ்சில் விழுகிறது. 2.40க்கு உத்தமபாளையத்துக்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன்.

“எத்தன பேரு வந்தீக?” என்றார் மெக்கானிக்.

“நான் மட்டும்தான்.”

அவர் பஸ்ஸுக்கு நின்ற மூன்று பெண்களைப் பார்த்து, “ஆத்தா, செத்த ஏறி உக்காருங்க, சத்தம் பாக்கணும்” என்றார். திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வந்தவர்கள். தினமும் நடப்பதுபோலச் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினார்கள். மெக்கானிக் ஓட்ட, கல்லறைக்கு வாங்கிய பூப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். அது ஸ்டெல்லாவின் இடம். அங்கே நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

வேகத்தடையில் சத்தமே வரவில்லை. திரும்பி வந்து, பெண்களை இறக்கிவிட்டு, அடியில் படுத்துப் பார்த்தார்.

“ஷாக் அப்சார்பர்ல ஒரு சொட்டு எண்ணெய் கசியல. லிங்க் ராடுதேன் தேஞ்சுபோச்சு. ஒத்தையா வந்தா தட்டும், ஆளு ஏறுனா அமுங்கிரும்.”

கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரு சாண் நீளக் கம்பி, அதன் முனை லொடலொடவென்று ஆடியது. புதியது மாட்ட இருபத்தைந்து நிமிடம், கூலியோடு 1,150 ரூபாய். (நீளமான பட்டியல் தந்தால், தேய்ந்ததைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். திருநாளன்று இராயப்பன்பட்டிக்கு வருகிறவர்கள் மூன்று மணிக்குள் வந்துவிடுங்கள், பிறகு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.)

சத்தமில்லாமல் ஓடிய அந்தக் கடைசித் தூரம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கவலைப்படச் சக்கரமும் இல்லை. அவள் மட்டும் நினைவில் இருந்தாள். 3.55க்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன்.

ஸ்டெல்லாவின் கல்லறையில் ஏற்கெனவே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மேலே சாமந்தியும் தூவியிருந்தார்கள். பக்கத்துக் கல்லறையில் நின்ற அம்மா என்னைப் பார்த்தார்.

“நாந்தேன் ஏத்துனேன். போன வருசமும் யாரும் வரல. இந்தப் புள்ளைக்கு ஆளே இல்ல போலன்னு நெனச்சேன். நீங்க யாரு?”

“இவளோட வீட்டுக்காரன்” என்றேன்.

அவர் எனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார்.