கடப்பாரையைக் கீழே வைத்த பட்டாளத்தார்

செவ்வாய்க்கிழமை காலை, ஐந்தாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். முத்தையா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. "அய்யா விடியக்காலம் போயிட்டாக, வாத்தியாரய்யா. ராத்திரி நல்லாத்தேன் பேசிக்கிட்டிருந்தாக" என்றான். அப்போது என் கைக்கோல் படத்தில் பிரான்சு தேசத்தின்மேல் இருந்தது என்று எழுதினால், வாத்தியார் கதை விடுகிறார் என்பீர்கள். கோல் இருந்தது நம் வைகையின்மேல்தான். அதை அங்கேயே போட்டுவிட்டு அவனோடு நடந்தேன்.

முத்தையாவின் தகப்பனார் வீரணனை இந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் யுத்தத்தில் கோவேறு கழுதை ஓட்டப் பிரான்சுக்குப் போய்த் திரும்பியவர். அன்றிலிருந்து எல்லோருக்கும் பட்டாளத்தார். யுத்தத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். கேட்டால், "சண்டையில என்ன இருக்கு? ஊரைக் கேளுங்க, சொல்றேன்" என்பார். ஊர் என்றால், அவருடைய கம்பெனி சில நாள் தங்கிய ஒரு பிரெஞ்சுக் கிராமம். பெயர் அவர் வாயில் நுழையாது. குன்றைச் சுற்றித் திராட்சைத் தோட்டம், ஊரைச் சுற்றிக் கல்மதில், உள்ளே போக ஒரே ஒரு வளைவு வாசல். ராஜாக்கள் காலத்து வாசலாம். வீடுகளுக்கு அடியில் குகை மாதிரி நிலவறை வெட்டி, பீப்பாய் பீப்பாயாகத் திராட்சை மது வைத்திருப்பார்களாம்.

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. நான் கதர் கட்டியவன். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து முதுகில் அடி வாங்கியவன். "குடிகார ஊரின் பெருமையை என்னிடம் ஏன் அண்ணே அளக்கிறீர்கள்?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "வாத்தியாரே, முழுசாக் கேட்டுட்டு வையிங்க" என்று சொல்லத் தொடங்கினார்.

அந்த வாசலில் ராணுவ வண்டிகள் நுழையவில்லை. இடித்து அகலப்படுத்தச் சொல்லி உத்தரவு. கடப்பாரையோடு அனுப்பப்பட்டவர்களில் இவரும் ஒருவர். அது அறுவடைக் காலம். கூடை சுமந்து வந்த ஒரு கிழவி இவர்களைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. நிலவறைக்குள் போய் ஒரு கிண்ணத்தில் புது மதுவோடு வந்து, முதலில் இவரிடம்தான் நீட்டினாளாம்.

"நான் குடிக்க மாட்டேன்னு ஆத்தாகிட்ட அழகர் மேல சத்தியம் பண்ணிட்டுல்ல கப்பல் ஏறுனேன்? அந்தம்மா முகத்தைப் பாத்தா, வேண்டாங்கவும் மனசு வரல. என்ன செய்ய? கோயில்ல நீட்டுற மாதிரி வலது கையை நீட்டிட்டேன். அந்தம்மாவும் ஊத்திருச்சு. கண்ணுல ஒத்தி, தலையில தடவிக்கிட்டேன். கூட இருந்தவுகல்லாம் சிரிச்சாக. அந்தம்மா மட்டும் சிரிக்கல. அப்புறந்தேன் எனக்கு உறைச்சுச்சு. தீர்த்தம் வாங்குன இடத்துல கடப்பாரையைப் போடலாமா?"

போடவில்லை. சுமைகளை இறக்கித் தலையில் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று மேலதிகாரியிடம் மன்றாடினார். வாசல் தப்பியது. உத்தரவை மீறியதற்காக இவர் பத்து நாள் தனியாக லாயம் கூட்டினார். கிளம்பும் அன்று அந்தக் கிழவி, புளிக்காத திராட்சைச் சாறு ஒரு குவளை கொண்டுவந்து கொடுத்தாளாம். அதைக் குடித்தாராம். "அம்புட்டு இனிப்பு!" என்று சொல்லும்போது இத்தனை வருஷம் கழித்தும் கண்ணை மூடிக்கொள்வார்.

இனி எழுதப்போவது எனக்கு வெட்கம். நம் கண்மாய்க்கரைக் கல்மண்டபத்தை இடித்து, அந்தக் கல்லைக்கொண்டு பள்ளிக்கூடம்வரை ரோடு போடவேண்டும் என்று மனு எழுதியவன் நான். மழைக்காலத்தில் பிள்ளைகள் முழங்கால் சேற்றில் வந்தார்கள். வௌவால் அடைந்த மண்டபம் யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. பட்டாளத்தார்கூட, "ரோடு வேணுந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இடிக்கும் நாள் வந்தது. ஓவர்சீயரோடும் ஆட்களோடும் நான் போய்ப் பார்த்தால், மண்டபத்துக்கு முன்னால் பட்டாளத்தாரின் கரும்பாலை! மாடுகள் சுற்றுகின்றன. பக்கத்தில் கொப்பரை அடுப்பில் ஏறியிருக்கிறது. மண்டபத்தைக் கழுவி, வெல்லம் உருட்டப் பாய் விரித்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்! "என்ன அண்ணே இது, வம்புக்கு?" என்று கத்தினேன்.

"வம்பு என்ன வம்பு? முதல்ல ஆட்டுன கருப்பஞ்சாறு. வாங்கிக்கிட்டு வேலையைப் பாருங்க" என்று சொம்போடு வந்தார். கடப்பாரைக்காரர்கள் வரிசையாக வலது கையை நீட்டினார்கள். நம் ஆட்கள் கையில் எதை ஊற்றினாலும் தீர்த்தம்தானே? கண்ணில் ஒற்றி, குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார்கள். அப்புறம் ஒருவரும் கடப்பாரையைத் தொடவில்லை. மூத்த ஆள் ஒருவர், "இங்கன கை வைக்க மாட்டோம் சாமி" என்றார். ஓவர்சீயர் என்னைப் பார்த்தார். பட்டாளத்தாரும் என்னைத்தான் பார்த்தார். கெஞ்சவில்லை. சொம்பை என் பக்கம் சாய்த்தார், அவ்வளவுதான். என் கையும் தானாக நீண்டது. குடித்துவிட்டு, மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்றேன்.

ரோடும் வராமல் போகவில்லை. கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து, மண்டபத்தைச் சுற்றி வளைத்துப் போட்டார்கள். அந்த வளைவில் பிள்ளைகள் நின்று ஆலையில் ஒரு துண்டு வெல்லம் வாங்காமல் பள்ளிக்கு வருவதில்லை. தாமதத்துக்காக நான் திட்டுவதும் நிற்கவில்லை.

அந்த நாட்டில் மறுபடி யுத்தம் மூண்டபோது, தினமும் என்னைப் பத்திரிகை படிக்கச் சொல்லிக் கேட்பார். "அந்த வாசல் நிக்குமா வாத்தியாரே?" என்பார். எனக்கு என்ன தெரியும்? அவரே பதிலும் சொல்லிக்கொள்வார்: "நிக்கும். அது பூட்டி வச்ச ஊரு இல்ல, வேலை செய்யுற ஊரு."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஆலை ஓடும் என்று முத்தையா சொல்லியிருக்கிறான். முதல் சாற்றை ஊற்ற அவரது சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டான். நான் வேண்டாம் என்றேன். "அய்யா சொல்லிட்டுத்தேன் போனாக" என்றான். வாங்கிக்கொண்டேன். என்னிடம் இருக்கும் பட்டாளத்தார் அதுதான். எல்லோரும் மண்டபத்துக்கு வாருங்கள். அதை இடிக்க மனு எழுதிய கைதான் ஊற்றும். வலது கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.